வாட்டர்மார்க்கா, பதிவா, பில்லா?

மாசி மகம் முடிந்த மறுநாள் காலையிலேயே வைத்திக்குப்பம் கடற்கரைப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். மதியத்துக்குள் ஓரத்தில் இருந்த பெயர் காணாமல் போயிருக்கும். மாலையில் ஏதோ ஒரு விடுதியின் இணையப் பக்கத்தில், ‘புதுச்சேரிக்கு வாருங்கள்’ என்ற வாசகத்தோடு அதே படம் நிற்கும். புயல் நாள்களில் இந்த வேகம் இன்னும் கூடும்.

ஆல்பம் வடிவமைப்பும் அச்சும் என் தொழில். புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கத்துப் புகைப்படக்காரர்களும் என் மேசைக்கு வருகிறார்கள். படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு இதில் வந்து நிற்கும். படத்தின்மேல் பெயரை முத்திரையாகப் பதிக்கும் வாட்டர்மார்க் போடுவதா, பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வதா, திருடியவருக்கு வக்கீல் நோட்டீஸ் விடுவதா, தலைவிதி என்று விட்டுவிடுவதா? எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. திருமணம் எடுப்பவருக்கு ஒன்று, பிச்சாவரத்தின் மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் விற்பவருக்கு இன்னொன்று, ஓவியருக்கு வேறொன்று. ஆனாலும் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருட்டைத் தடுக்கச் செலவிடும் நேரத்தைவிட, உரிமையை எழுதி வைப்பதற்கும் திருடியவரிடம் பணம் கேட்பதற்கும் செலவிடும் நேரத்துக்குத்தான் பலன் கிடைக்கிறது.

சட்டத்தின் அடிப்படை எளிது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஓவியமும் கலைப்படைப்புகள். படம் உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தியா 1928 முதல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், மற்ற உறுப்பு நாடுகளிலும் அந்த உரிமை செல்லும். ‘நெட்டில் போட்டாயிற்று, இனி பொதுச்சொத்து’ என்பது வெறும் வாய்ப்பேச்சு. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மொரெல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டரில் பகிர்ந்த படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் படங்களை விற்கும் கெட்டி நிறுவனமும் அனுமதியின்றிப் பயன்படுத்தின. 2013இல் அமெரிக்க நடுவர் குழு அவருக்குக் கொடுக்கச் சொன்ன தொகை சுமார் 12 லட்சம் டாலர்.

இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. படம் உங்களுடையதுதானா?

சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டு, அவர் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் வரையப்பட்ட ஓவியத்துக்கும், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். திருமணப் படங்கள் அனைத்தும் இதற்குள் வந்துவிடும். ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் விடியற்காலையில் எடுக்கும் ப்ரீ-வெட்டிங் படங்களும் அப்படியே. அதில் மணமகள் அணிந்த கவுனை வாடகைக்கு விட்ட கடை, உங்கள் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லையென்றால், அந்தக் கடையைத் தடுக்கும் உரிமை மணமக்களுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அவர்களே ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் பேச்சே முடிந்தது. உங்களிடம் மிச்சம் இருப்பது 57ஆம் பிரிவு தரும் தனி உரிமைதான்: எடுத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளலாம், பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம்.

இதற்கு இரண்டு வழிகள். கொட்டேஷனிலேயே ‘பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கு உரியது, குடும்பத் தேவைக்கு வாடிக்கையாளர் தாராளமாகப் பயன்படுத்தலாம்’ என்று எழுதி, அட்வான்ஸ் வாங்கும்போது கையெழுத்து வாங்குவது ஒன்று. உரிமையை அவர்களுக்கே விட்டுவிட்டு, ‘ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்கு இத்தனை படங்களைப் பெயருடன் பயன்படுத்தலாம்’ என்று அனுமதி மட்டும் வாங்குவது மற்றது. திருமணம் எடுப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு வீட்டுப் பெண்ணின் படம் யாருக்குச் சொந்தம் என்று அந்த வீட்டோடு மல்லுக்கு நின்று இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. கல்யாணப் படத்துக்கு ஆல்பம் முடிந்த பிறகு விலையும் இல்லை.

ரிசார்ட்டின் அறைகளை எடுத்துக்கொடுப்பவருக்கு நேர்மாறு. அங்கே முதல் வழிதான் சரி. அதோடு கால அளவையும் எழுத வேண்டும். எழுத்தில் உரிமை மாற்றும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ‘இரண்டு ஆண்டுகள், உங்கள் இணையதளமும் துண்டுப்பிரசுரமும் மட்டும்’ என்று எழுதியிருந்தால், மூன்றாம் ஆண்டு அதே படம் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் ஏறும்போது உங்களுக்கு இன்னொரு பில் இருக்கிறது.

சரி, படம் உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். இணையத்தில் ஏற்றும்போது கைவசம் இருக்கும் காப்புகள் மூன்று: வாட்டர்மார்க், சிறிய அளவு, படத்துக்குள் பதியும் விவரம். வலது கிளிக்கை முடக்குவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாத கைப்பேசி எங்கே இருக்கிறது?

வாட்டர்மார்க்கை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் போட்டால் படமே கெட்டுவிடும். இதற்கு மேலும் ஒரு சிக்கலை 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே முத்திரை ஒரே மாதிரியாகப் பல படங்களில் இருந்தால், அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே கணினி முத்திரையைத் தனியே பிரித்து, எல்லாப் படங்களிலிருந்தும் துடைத்துவிடும். ஒவ்வொரு படத்திலும் முத்திரையைச் சற்றே நெளித்துப் போட்டால், துடைத்தாலும் தடம் தெரிகிறது என்றும் அவர்களே கண்டார்கள். நம் ஸ்டுடியோக்களோ ஒரே பிஎன்ஜி லோகோவை, ஒரே மூலையில், ஒரே அளவில், ஆயிரக்கணக்கான படங்களில் ஒட்டுகின்றன. கேட்டால் பிராண்டிங் என்கிறார்கள்.

சிறிய அளவு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது அச்சு மேசையில் உட்கார்ந்தால் தெரியும். காலண்டருக்கும் புத்தகத்துக்கும் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1200 பிக்சல் அகலமுள்ள படம் 4 அங்குலத்தோடு நின்றுவிடும். அதைக் காலண்டராக்க முடியாது. ஃப்ளெக்ஸ் அப்படி இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்கு அங்குலத்துக்கு 72 பிக்சலே தாராளம். அதிலும் குறைவான கோப்பைக் கொண்டுவந்து ‘எப்படியாவது பத்தடிக்கு இழுத்துக்கொடுங்கள்’ என்பவர்கள் உண்டு. மென்பொருளில் பெரிதாக்கும் வசதி வந்த பிறகு இந்தக் காப்பு இன்னும் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பயன் நிற்கிறது: மூலக் கோப்பு உங்களிடம் மட்டுமே இருக்கும். யார் எடுத்தது என்ற சண்டை வரும்போது, கேமராவின் மூலப் பதிவான ரா ஃபைலையும் அதே நிமிடத்தில் எடுத்த முன்பின் படங்களையும் காட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

மூன்றாவதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. படக்கோப்புக்குள் பெயர், மின்னஞ்சல், உரிமக் குறிப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் ஐபிடிசி புலங்கள் அது. லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் ஒருமுறை அமைத்துவிட்டால், படம் வெளியேறும்போதெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். உரிமப் பக்கத்தின் முகவரி அதில் இருந்தால், கூகுள் தன் படத் தேடலில் ‘உரிமம் பெறலாம்’ என்ற குறியைக் காட்டுகிறது. 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. குறை என்னவென்றால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. டாக்குமெண்டாக அனுப்பினால்தான் நிற்கும். சட்டத்தில் இதற்கு வலு உண்டு. படைப்பாளியின் பெயர், உரிமையாளரின் முகவரி போன்ற விவரங்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவின்படி தனிக் குற்றம்; 2 ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. பெயரே போடாத படத்தில் யார் எதை நீக்கினார் என்று சொல்ல முடியும்?

ஆகவே இடங்களின் படங்களை விற்பவருக்கு என் தேர்வு: நீளப் பக்கம் 1200 முதல் 1600 பிக்சல், படத்தின் இருண்ட பகுதியில், படத்துக்குப் படம் இடம் மாறும் சிறிய பெயர், உள்ளே நிரப்பப்பட்ட விவரம். திருமணக்காரருக்கு லோகோ போதும். அவருக்கு அது விளம்பரம்தான்.

பதிவுக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள் அல்லது சேவையோடு சேர்த்துப் பயன்படுத்தும் படைப்பென்றால் 2000. விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள்கள் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் சான்று, நீதிமன்றத்தில் முதல்நிலைச் சாட்சியமாக ஏற்கப்படும். நல்லதுதான். ஆனால் படம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால், ஒரு சீசனில் எடுத்த 750 படங்களைப் பதிய 3,75,000 ரூபாய் ஆகும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் அதே 750 படங்களை ஒரு தொகுப்பாக 55 டாலருக்குப் பதியலாம். வெளிநாட்டுப் படைப்பு என்பதால் அங்கே வழக்குத் தொடரவே பதிவு வேண்டும் என்பதில்லை. ஆனால் மீறலுக்கு முன்பே, அல்லது வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், பதிந்திருந்தால் இழப்பைக் கணக்குப்போட்டு நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்க முடியும். வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை. பிச்சாவரம், ஆரோவில், பிரெஞ்சுத் தெருக்கள் என்று வெளிநாட்டுப் பயண இதழ்கள் எடுத்துக்கொள்ளும் படங்கள் உங்களிடம் இருந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. மற்றவர்கள், காலண்டருக்கும் விளம்பரத்துக்கும் திரும்பத் திரும்ப விற்கும் நாலைந்து படங்களை மட்டும் இங்கே பதிந்தால் போதும். படத்தைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குச் சட்டத்தில் தனி இடம் எதுவும் இல்லை.

தபால் உறைக்குப் பதிலாகச் செலவில்லாத ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. கோப்பில் ஒரு பிக்சல் மாறினாலும் முழுதும் மாறிவிடும் எழுத்து-எண் வரிசை அது. உங்கள் படம் இன்னொருவர் பக்கத்தில் நிற்பதைக் கண்டால், முழுப் பக்கத்தையும் இணைய முகவரியும் தேதியும் தெரியும்படிச் சேமித்து, அந்தக் கோப்பின் ஹாஷை அன்றே குறித்துவையுங்கள். அவரைத் தொடர்புகொள்வது அதற்குப் பிறகு. முதலில் போன் செய்தால், சேமிப்பதற்குள் பக்கம் காலியாகிவிடும்.

இப்போது பில். விடுதிகளோ பயண ஏற்பாட்டாளர்களோ படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அந்த நிறுவனத்தின் முதலாளிக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பேசினால் வரும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: “கூகுளில்தான் இருந்தது சார், எங்கள் டிசைனர் பையன் எடுத்துப் போட்டுவிட்டான்.” சத்தம் போட்டால் படத்தை நீக்கிவிட்டு போனை வைத்துவிடுவார். “பரவாயில்லை அண்ணே, படம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும், பில் அனுப்புகிறேன்” என்றால் பேச்சு நீளும். அந்தப் பில்லில் படத்தின் சிறு பிரதி, பயன்படுத்திய பக்கம், எந்த நாளிலிருந்து, ஓராண்டு இணைய உரிமத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். முன்பே வெளியிட்ட கட்டணப் பட்டியல் இருந்தால் பேரம் சுருங்கும். வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்காதீர்கள். பத்து மடங்கு கேட்டால் அவர் வக்கீலிடம் போவார், நீங்களும் போக வேண்டியிருக்கும். புதுச்சேரியும் கடலூரும் சிறிய ஊர்கள். பில் கட்டிய விடுதி அடுத்த சீசனில் உங்களையே அழைத்துப் படம் எடுக்கச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வாங்கிய விடுதி அழைத்ததைப் பார்த்ததில்லை.

செய்தி நிறுவனங்களிடம் இது அவ்வளவு எளிதல்ல. நடப்பு நிகழ்ச்சிகளைச் செய்தியாக்க நியாயமான அளவில் பயன்படுத்துவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. புயல் படத்துக்கு அவர்கள் அதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். செய்தி பழசான பிறகும் அதே படம் ஆண்டு மலரில் வந்தால் அப்போது கேளுங்கள்.

பில்லுக்கு மசியாதவர்களுக்கும், ஆளே யாரென்று தெரியாத பக்கங்களுக்கும் நீக்கக் கோரிக்கை. இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் போன்றவை தங்கள் படிவத்தில் கேட்பது 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய விவரங்கள். செலவில்லை, வக்கீல் வேண்டாம். எதிராளி மறுப்பு அனுப்பினால் 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் நீங்கள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் படம் திரும்ப ஏறிவிடும். உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் எதிராளிக்குப் போகலாம் என்பதால், வீட்டு முகவரிக்குப் பதில் ஸ்டுடியோ முகவரியைக் கொடுங்கள். இந்தியப் பாதை கடுமையானது. 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி எழுத்தில் புகார் கொடுத்தால், தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தை யாரும் பார்க்க முடியாதபடி நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவதாக நீங்கள் அந்தப் புகாரிலேயே உறுதி கொடுக்க வேண்டும். வழக்கு எண்ணம் இல்லாதவர் முதல் பாதையிலேயே நிற்பது நல்லது. நீக்கினால் பணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் தயவால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவர் மும்பை நிறுவனத்தின்மீது தன் மாவட்டத்திலேயே உரிமையியல் வழக்குப் போடலாம். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவில் குற்றவியல் வழியும் உண்டு: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வராத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி மிரட்டத் தோன்றும், வேண்டாம். உரிமை உங்களிடம் இல்லாமல் மிரட்டினால், 60ஆம் பிரிவின் கீழ் எதிராளி உங்கள்மீதே வழக்குப் போடலாம். கல்யாணப் படத்துக்கு நோட்டீஸ் விடத் துடிப்பவர்கள் 17ஆம் பிரிவை மறுபடி படித்துவிட்டுத் துடிக்கட்டும். காலண்டர் நிறுவனம் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றது போன்ற பெரிய மீறலுக்கே நீதிமன்றம். மீறியவரிடம் உங்களுக்காக வசூலித்துக் கொடுத்துப் பாதியளவு எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டு நிறுவனங்கள், ஐரோப்பிய, அமெரிக்க மீறல்களுக்குப் பயன்படலாம். நம் பீச் ரோட்டு விடுதியிடம் வசூலிக்க அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

திருடுவார்கள் என்று தெரிந்ததும் ‘எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் போடுங்கள்’ என்று திறந்துவிடுவதும் ஒரு தேர்வுதான். ஊசுட்டேரிப் பறவைகள், திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் சிற்பங்கள் போன்று விற்கும் நோக்கமில்லாத படங்களுக்கு, நிபந்தனையோடு எவரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பொருந்தும். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டை மறுக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் விக்கிப்பீடியாவின் படக்கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. அங்கே போக வேண்டுமானால் பெயர் குறிப்பிடும் வகையோ, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் வகையோதான். இந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், பெயர் போடத் தவறியவர் மீறலை அறிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பிவிடும், மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு. உரிமையை முழுதும் துறப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. கேரல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் படங்களை நாட்டுக்கே நன்கொடையாகக் கொடுத்தார். பிறகு அவர் எடுத்த படத்தை அவரே பயன்படுத்தியதற்காக, கெட்டியோடு தொடர்புள்ள நிறுவனம் ஒன்றிடமிருந்து அவருக்கு 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் தொடுத்த வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடியானது.

ஓவியர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வலிப்பது ஒரு படம் போவதைவிட, கைவண்ணமே போவது. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது; வரைந்த படத்துக்குத்தான் உண்டு. அதனால், ஓவியங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதற்கு எதிராகச் சிகாகோ பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட கிளேஸ் என்ற இலவச மென்பொருள் அவர்களுக்குப் பொருத்தம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத மாற்றங்களைப் படத்தில் சேர்த்து, பாணியைக் கற்க முயலும் மென்பொருளைக் குழப்புகிறது. இது நிரந்தரக் காப்பு அல்ல என்று உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் வாட்டர்மார்க்கைவிட இதில் செலவிடும் நேரம் தகும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலிருந்து வெளிவரும் இளைஞர்கள் முழு ஓவியத்தையும் பெரிய அளவில் ஏற்றுவதற்குப் பதிலாக, முழுமையைச் சிறிதாகவும், தூரிகை வீச்சு தெரியும் ஒரு துண்டை மட்டும் பெரிதாகவும் ஏற்றலாம். வாங்க வருபவருக்கு அது போதும், அச்சடிக்க வருபவருக்குப் போதாது.

சுவரோவியம் வரைபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிடச் சட்டம் யாரையும் தடுப்பதில்லை; அந்த விலக்கு சிலைக்கும் கைவினைப் படைப்புக்கும்தான், ஓவியத்துக்கு அல்ல. குருசுக்குப்பம் சுவரில் நீங்கள் வரைந்ததன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவரை விட்டுவிடுங்கள். அதையே டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்பவருக்குப் பில் அனுப்பலாம். சுவர் உரிமையாளர் பணம் கொடுத்து வரையச் சொன்னார் என்றால், அந்தப் பில்லை அனுப்பும் உரிமை யாருக்கு என்பதைச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அழிப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற வரியையும் அதே தாளில் சேர்க்கலாம்: டெல்லி விஞ்ஞான் பவன் அரங்கிலிருந்து அகற்றிச் சிதைத்த சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகலுக்கு, டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் 5 லட்சம் ரூபாயும் எஞ்சிய துண்டுகளும் கொடுக்கச் சொன்னது 57ஆம் பிரிவை வைத்துத்தான்.